மூக்கு போன பிறகு போட்ட காப்பி

கள்ளக்குறிச்சியில் நான் கடை திறந்த முதல் வாரம் கிடைத்த பெரிய பாராட்டு, "பரவால்லங்க, கஷாயம் நல்லா சூடா கீது" என்பதுதான். சொன்னவர் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். சின்னப் பீங்கான் கப்பில், மேலே தேன் நிற நுரை கட்டியிருக்க, இரண்டு மடக்கு எஸ்பிரெஸ்ஸோவை அவர் முன்னால் வைத்தேன். அவர் கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எவர்சில்வர் டம்ளர் இருக்கிறதா என்று கேட்டார். டம்ளரில் ஊற்றிக்கொண்டு, தலையை அண்ணாந்து, உதடு படாமல் ஒரே வீச்சில் தொண்டைக்குள் கவிழ்த்தார். அதன் பிறகுதான் அந்தப் பாராட்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் பதினான்கு வருஷம் காப்பி மிஷின் முன்னால் நின்றவன் நான். மனைவிக்கு ஊர் நைனார்பாளையம். சின்னசேலம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்து ஊர்ப்பக்கம் திரும்பியபோது, நானும் பழைய மிஷின் ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு கூடவே வந்துவிட்டேன். கச்சிராயபாளையம் போகிற சாலையில், மலைக்குப் போகிற பஸ்கள் ஆள் ஏற்றும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் அறை கிடைத்தது. இந்த ஊருக்கு நல்ல காப்பி என்றால் என்ன என்று காட்டிவிடுகிறேன் என்று வீட்டில் சவால் விட்டிருந்தேன். அவள் சிரித்தாள்.

ஊருக்கு எஸ்பிரெஸ்ஸோ ஏற்கெனவே தெரியும் என்பதுதான் முதல் தொல்லை. கல்யாண மண்டபத்தில் வரவேற்பு அன்று சாயங்காலம் வாசலில் ஒரு மிஷின் உஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டு நிற்குமே, பாலை நுரை பொங்க அடித்து மேலே சாக்லேட் தூள் தூவித் தருவார்களே, அதுதான் அவர்கள் அறிந்த எஸ்பிரெஸ்ஸோ. என் கடையில் பாலும் இல்லாமல் பால் நுரையும் இல்லாமல் அடியில் கொஞ்சம் கறுப்பாக வைத்தால், மீதி எங்கே என்று பார்த்தார்கள். அதை நான் பொறுத்துக்கொண்டேன். அண்ணாந்து ஊற்றுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. காப்பியில் முக்கால்வாசி வாசம்தான். கப்பை மூக்கின் கீழே கொண்டுபோய், ஒரு நிமிஷம் நின்று, பிறகு வாய் வைக்க வேண்டும். இவர்களோ ஓர் அடி உயரத்திலிருந்து நேராகத் தொண்டையில் இறக்கினார்கள். முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கவும் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். ஜீப்காரர் அதைப் படித்துவிட்டு, ஏன் மாஸ்டர், பால் கெட்டுப்போயிடுச்சா என்று அக்கறையாக விசாரித்தார்.

அந்த அட்டை ஒன்றரை வருஷம் தொங்கியது. அதைக் கழற்ற வைத்தவர் என் கடைக்குப் பக்கத்தில் கரும்புச்சாறு வண்டி போட்ட பெண்.

அவர் கருணாபுரத்துக்காரர். விஷச் சாராயம் குடித்து அங்கே அத்தனை பேர் செத்த வருஷத்தில் அவருடைய வீட்டுக்காரரும் அதைக் குடித்துத்தான் போனார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. அதுவரை கரும்பு வெட்டும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், மழைக்காலம் முடிந்ததும் உறவுக்காரர் ஒருவருடைய சாறு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் வாசலுக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் நிறுத்தினார். என்னை அண்ணா என்றார், நான் தங்கச்சி என்றேன். வீட்டுக்காரரைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

முதல் நாள் மரியாதைக்கு ஒரு காப்பி கொடுத்தேன். அவரும் டம்ளரைத் தூக்கினார், அண்ணாந்தார். என் வாய் சும்மா இருக்குமா? உதட்டில் வைத்துக் குடிம்மா, வாசமே தெரியாமல் போகும் என்று அட்டையைக் காட்டி வகுப்பெடுத்தேன். அவர் சாறு பிழியும் உருளையைத் துடைத்துக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னார்:

"கரும்பு வெட்டப் போற எடத்துல சின்னதுலேர்ந்து இப்பிடித்தாண்ணா பழக்கம். வாய வெச்சி குடிச்சா அந்த டம்ளர தனியா வெச்சிடுவாங்க."

நான் உள்ளே போய் அட்டையைக் கழற்றினேன். ஒன்றரை வருஷமாக எத்தனை பேரிடம் இந்த வகுப்பை எடுத்திருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மார்கழியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் ஒன்றுமில்லை, ஒரு வாரம் படுத்தேன். எட்டாம் நாள் காலையில் கடையைத் திறந்து, கொட்டையை அரைத்து, வழக்கம்போல் அரைத்த தூளுக்கு மேலே குனிந்தேன். ஒன்றுமில்லை. கையில் அள்ளி மூக்கோடு ஒட்டினேன். மரத்தூள் மாதிரி இருந்தது. உடனே என்ன செய்தேன் தெரியுமா? சென்னையில் எனக்குக் கொட்டை வறுத்து அனுப்புகிறவருக்குப் போன் போட்டு, பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டீரா என்று கத்தித் தீர்த்தேன். பாவம் அந்த மனுஷன், மன்னிப்புக் கேட்டு இரண்டே நாளில் வேறு மூட்டை அனுப்பினார். அதிலும் ஒன்றுமில்லை. மறுபடியும் கத்தலாம் என்று போனை எடுத்தவன், எதிரே பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்ததைப் பார்த்தேன். கூடை நிறைய குண்டுமல்லி. எழுந்துபோய் ஒரு முழம் வாங்கி முகர்ந்தேன். பிறகு கற்பூரம், பிறகு மண்ணெண்ணெய், பிறகு தைல டப்பா. தைலம் மூக்குக்குள் எரிந்தது, அவ்வளவுதான்.

டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். இந்தக் காய்ச்சலில் சிலருக்கு இப்படி ஆகிறது, மாதக்கணக்கில் ஆகலாம், வரலாம், வராமலும் போகலாம் என்றார். கிராம்பு, ஏலக்காய், எலுமிச்சை, காப்பித்தூள் நான்கையும் காலையும் மாலையும் முகர்ந்து, அந்த வாசத்தை நினைவுபடுத்திக்கொள்ளச் சொன்னார். ஊருக்கே முகரக் கற்றுக்கொடுத்தவன், தினமும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரு கிராம்பின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. காரணம் பயம் பாதி, வெட்கம் பாதி. மூக்கில்லாத காப்பிக்காரன் என்று ஊர் சிரிக்கும். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான், நான் ஆசைப்பட்டுச் செய்கிற காரியமும் இது ஒன்றுதான். அது வாசத்தில் இருக்கிறது. வாசம் வராமலே போனால் நான் எதற்கு என்று படுக்கையில் புரண்டேன். வெளியே மட்டும் விறைப்பாக நின்றேன். பால் காப்பி கேட்கிறவர்களுக்காக வைத்திருந்த பாலைப் பற்றி ஒரு பயம் இருந்தது. அதற்குத் தினமும் முதலில் ஒரு கரண்டி தனியாகக் காய்ச்சிப் பார்ப்பேன். திரிந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். இப்படிக் கண்ணையும் கையையும் வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நம்பினேன்.

ஆனால் குடிக்கும்போது சமாளிக்க முடியவில்லை. என் கையால் போட்ட எஸ்பிரெஸ்ஸோ வெறும் கசப்பாக இருந்தது, கொதிக்கிற கசப்பு. ஜீப்காரர் கஷாயம் என்றது சரிதான் என்று அப்போது தோன்றியது. ஒரு மத்தியானம் எரிச்சலில், குடிக்காமல் கையில் வைத்திருந்த ஒரு ஷாட்டை, அதாவது ஒரு மடக்கு எஸ்பிரெஸ்ஸோவை, பக்கத்து வண்டியிலிருந்து வந்த கரும்புச்சாறு கிளாஸில் கொட்டினேன். இஞ்சியும் எலுமிச்சையும் போட்டுப் பிழிந்து, ஐஸ் மிதந்த சாறு. வீணாக்க வேண்டாமே என்று ஒரு வாய் குடித்தேன். முதலில் இனிப்பு வந்தது, அதைப் புளிப்பு வெட்டியது, இஞ்சி காரமாகச் சுரண்டியது, எல்லாம் போன பிறகு அடியிலிருந்து கசப்பு மெதுவாக எழுந்தது. இரண்டு மாதமாகச் செத்துக் கிடந்த வாய்க்குள் ஏதோ நடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஐஸ் பல்லில் பட்டுக் கூசுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்னொன்று கலந்து அந்தத் தங்கச்சிக்குக் கொடுத்தேன். அண்ணாந்து கடகடவென்று இறக்கினார். முதல் முறையாக என் காப்பிக்கு, இன்னொரு கிளாஸ் போடுங்கண்ணா என்றார்.

அன்று ராத்திரி வீட்டில் டம்ளரைத் தூக்கிப் பிடித்து நானும் அண்ணாந்து குடித்துப் பார்த்தேன். சட்டையில் பாதி. பழகப் பழக வந்தது. டம்ளர் மூக்குப் பக்கமே வருவதில்லை. குடிப்பதற்கு முன்னால் முகர்வது என்ற காரியமே அதில் கிடையாது. திரவம் நேராகத் தொண்டைக்குப் போகிறது, குளிர்ச்சியும் புளிப்பும் காரமும்தான் முதலில் பேசுகின்றன. விழுங்கிய பிறகு உள்வழியாக மூக்குக்கு வாசம் ஏறும், அது அவர்களுக்கு உண்டு, எனக்கு அதுவும் இல்லை. மற்றபடி இந்த ஊரில் பாதிப் பேர் எப்படிக் குடிக்கிறார்களோ அப்படித்தான் நான் இப்போது குடிக்கிறேன். இத்தனை நாளும் அவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஒன்றைக்கூட நான் போடவில்லை.

அதற்கப்புறம் எனக்கு வெறி பிடித்தது. உப்பில் ஊறிய நெல்லிக்காயின் தண்ணீரைக் கிளாஸில் விட்டு, கோலி சோடாவை உடைத்து ஊற்றி, மேலே ஷாட்டை விட்டேன். முதல் நாள் அது பொங்கிக் கல்லா மேஜை முழுவதும் ஓடியது. சோடாவில் காப்பியை ஒரு கரண்டியின் முதுகு வழியாகச் சன்னமாக வழிய விட வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. வெள்ளிமலையிலிருந்து ஜீப்காரர் கொண்டுவந்த சாமையைக் கஞ்சியாகக் காய்ச்சி, வடிகட்டி, ஆற வைத்து, ஒரு கல் உப்பும் துளி வெல்லமும் போட்டு, அதில் ஷாட். கஞ்சியில காபியா மாஸ்டர் என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மறுவாரத்திலிருந்து மலை ஏறும் முன் அதைக் குடிக்காமல் வண்டியை எடுப்பதில்லை, மேலே போய்ச் சேருகிற வரைக்கும் பசி தாங்குகிறதாம். மலைத்தேனில் மிளகைத் தட்டிப் போட்டுக் குழைத்து அதன் மேலேயே மிஷினிலிருந்து சூடாக இறக்கினேன், சளிக்காரர்கள் தேடி வந்தார்கள். வெயில் ஏறியதும் புளியும் வெல்லமும் சுக்கும் கரைத்த பானகத்தில் ஒரு ஷாட். மோரில் ஊற்றியது மட்டும் உருப்படவில்லை. மூக்கில்லாத எனக்கே அதைச் சகிக்க முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பன்னீர் சோடாவில் கலந்ததை காலேஜ் பிள்ளைகள் கொண்டாடினார்கள். அதில் இருக்கிற ரோஜா வாசம் எனக்குக் கிடையாது, எனக்கு அது இனிப்புச் சோடாவில் கசப்பு, அவர்கள் முகத்தை நம்பித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஊர் என்னைப் புதுசு புதுசாக யோசிக்கிறவன் என்று பேச ஆரம்பித்தது. கிளாஸைப் போட்டோ எடுத்தார்கள். எப்படித்தான் தோணுது உங்களுக்கு என்று கேட்டால், மர்மமாகச் சிரித்துவைப்பேன். மூக்கு வேலை செய்திருந்தால் இதில் ஒன்றைக்கூட நான் செய்திருக்கமாட்டேன். நல்ல காப்பியைக் கெடுக்கிறான் பார் என்று அடுத்தவனைத் திட்டியிருப்பேன்.

எதைப் புதிதாகப் போட்டாலும் முதல் கிளாஸ் அந்தத் தங்கச்சிக்குத்தான். அவர் வண்டிக்குப் பின்னால் நின்றபடியே வாங்கி, அண்ணாந்து, இரண்டு மடக்கு விழுங்கி, கண்ணை ஒரு பக்கமாகத் திருப்பி யோசிப்பார். புளிப்பு ஜாஸ்தி, உப்பு கம்மி என்று ஒரு வார்த்தைதான் வரும். அந்த வார்த்தையை வைத்து நான் மாற்றுவேன். நான் எதைக் கொடுத்தாலும் என்ன ஏது என்று கேட்காமல் வாங்கிக் குடித்தார்.

வெயில் காலத்தின் கடைசியில் ஜீப்காரர் மலையிலிருந்து இரண்டு பலாப்பழம் இறக்கினார். ஒன்று வீட்டுக்குப் போனது. இன்னொன்றை உரித்து, கொட்டை நீக்கி, தேன் விட்டு மசித்து, எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி வைத்தேன். கடையிலிருக்கிற சின்ன ஃப்ரிட்ஜில் இடமில்லை. அந்த இரண்டு நாளும் வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றாம் நாள் திறந்து ஒரு கரண்டி வாயில் போட்டேன். இனிப்பு, நடுவில் ஒரு புளிப்பு, நாக்கு நுனியில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு சுறுசுறுப்பு. மேலே சின்னச் சின்னக் குமிழி. அட, சோடா இல்லாமலே சோடா மாதிரி இருக்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை. அதில் ஐஸைப் போட்டு அடித்து, இரண்டு ஷாட் இறக்கி, கிளாஸை எடுத்துக்கொண்டு நானே வண்டிக்குப் போனேன்.

அவர் வாங்கினார், அண்ணாந்தார், இரண்டு மடக்கு போயிற்று. பிறகு தூக்கிய கை அப்படியே நின்றது. கிளாஸ் சாய்ந்து அவர் கழுத்திலும் புடவையிலும் வழிந்தது. வாயிலிருந்ததைத் துப்பினார். மரத்தின் அடிவேரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெஞ்சில் இருந்த ஜீப்காரர் ஓடி வந்து, கீழே விழுந்த கிளாஸை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியது. என்னைத் தனியாக ஓரமாக இழுத்து, மெதுவாக, மாஸ்டர் இது பொங்கிப்போய் அப்படியே சாராய வாடை அடிக்கிறது, தெரிந்துதான் அந்தப் பெண்ணிடம் கொடுத்தீர்களா என்று கேட்டார். வேறு எந்த ஊரிலாவது இது ஒரு கெட்டுப்போன பழம், அவ்வளவுதான். இந்த ஊரில், அந்தப் பெண்ணுக்கு, அதை நான் என் கையால் நீட்டியிருக்கிறேன்.

அவர் எழுந்தார். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீங்க இத மோந்தே பாக்கலியாண்ணா?"

இல்லை என்றேன். மூக்கு போய்விட்டதம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலு பேர் நிற்கிறார்களே என்ற வீம்பு அப்போதும் விடவில்லை. அவர் வண்டி மேல் சாக்கை இழுத்து மூடிவிட்டு, பிழிந்த சக்கையைக்கூட அள்ளாமல் நடந்தார். நான் தூக்கில் மிச்சமிருந்ததையெல்லாம் சாக்கடையில் கொட்டி, தூக்கை மூன்று தரம் தேய்த்தேன். வாடை போயிற்றா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவர் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. ஜீப்காரர் வந்தார், கஞ்சி கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்த மனைவியை உட்கார வைத்து, மார்கழியிலிருந்து நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "அஞ்சு மாசமா தெனம் பூ வெச்சிக்கினு உங்க பக்கத்துல வந்து நிக்கிறேன். ஒரு வார்த்த சொல்லலியே, இன்னா கோவமோன்னு இருந்தேன்" என்றாள். சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. எனக்கு என் மேலேயே வெறுப்பாக வந்தது. நான் மறைத்தது என் தொழிலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவளை இப்படிக் கலங்க வைத்திருக்கிறேன் என்று எனக்கு உறைக்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்கிட்ட சொல்லி ஆச்சு, போய் அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள் என்றாள்.

காலையில் கருணாபுரம் போனேன். அவர் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு, உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன், காய்ச்சலிலிருந்து ஆரம்பித்து. எனக்கு வாசமே தெரியாதும்மா, பூவும் தெரியாது, காப்பியும் தெரியாது, அதைப் பழம் என்று நினைத்துத்தான் கொடுத்தேன், மறைத்தது என் தப்பு, என்னை மன்னித்துவிடு. இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அவர் நடைக்கல்லில் உட்கார்ந்தார். நான் வேண்டுமென்றே செய்ததாக அவர் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லையாம். கோபத்தில் வராமல் இருக்கவில்லையாம். வர்ற மாசம் வீட்டுக்காரருக்கு வருஷம் திரும்புகிறது என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பதினாறு வருசம் அந்த வாடையோடத்தான் படுத்தேன். திட்டிக்கினே படுத்தேன். அவரு போனதும் சொந்தக்காரங்க சட்ட, தலகாணி எல்லாத்தயும் வாரிக்கினு போய் எரிச்சிட்டாங்க. மூஞ்சி நெனப்பு வருது, கொரல் நெனப்பு வருது. வாட மட்டும் வரவே இல்லண்ணா. சாராய பாட்டில எடுத்து மோந்தா ஆஸ்பத்திரிதான் நெனப்பு வருது. அன்னிக்கு நீங்க குடுத்தது தொண்டைல எறங்கினதும் வந்துச்சி. ராவுல பழம் எதனா தின்னுட்டு வந்து பக்கத்துல படுப்பாரு, அந்த வாட."

தலையைத் தூக்காமல், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அதுல மிச்சம் எதனா இருக்குதாண்ணா?"

சாக்கடையில் கொட்டிவிட்டதை நான் சொல்லவில்லை. செய்து தருகிறேன் என்றேன்.

ஜீப்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் அடுத்த நடையிலேயே ஒரு பலாப்பழம் கொண்டுவந்தார். அதே மாதிரி உரித்தேன், அதே அளவு தேன் விட்டேன், மசித்து டிபன் பாக்ஸில் போட்டு மூடி, வெயில் படுகிற ஜன்னலில் வைத்தேன். எப்போது அந்த வாடை வரும் என்று எனக்குத் தெரிய வழியில்லை. மனைவிதான் பள்ளிக்குக் கிளம்பும் முன்னால் மூடியைத் திறந்து பார்த்துச் சொன்னாள். முதல் நாள், வெறும் பழ வாசம் என்றாள். இரண்டாம் நாள், இன்னும் இல்லை என்றாள். மூன்றாம் நாள் திறந்தவள் முகத்தைச் சுளிக்கவில்லை. இன்னொரு தரம் முகர்ந்துவிட்டு, இன்னிக்குக் கொடுத்துடுங்க என்று மூடித் தந்தாள்.

அதற்குப் பிறகு பல மாதம் கழித்து எனக்கு எலுமிச்சை திரும்பியது, டீசல் திரும்பியது. காப்பி இன்னும் வரவில்லை. தினமும் குனிந்து பார்க்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு எந்த வாசமும் கிடையாது. என் கையில் இருந்த பாக்ஸுக்குள் ஒரு மனுஷனுடைய வாடை இருக்கிறது என்று மனைவி சொன்னதை நம்பித்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் அன்றுதான் வண்டியைத் திறந்திருந்தார். மலைக்குப் போகிற முதல் பஸ் இன்னும் வரவில்லை, சாலையில் ஆள் இல்லை. பாக்ஸை வாங்கிக்கொண்டு மரத்தின் பக்கமாகத் திரும்பி நின்றார். மூடியை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து, முகத்தை அதன் மேல் வைத்தார். தோள் ஒரு தரம் ஏறி இறங்கியது. நான் மிஷினை ஆன் செய்யாமல் வாசலிலேயே நின்றேன். இவ்வளவு பக்கத்தில் நிற்கிறோமே, நமக்கும் துளி வராதா என்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். காற்று மட்டும்தான் வந்தது. இத்தனை மாதத்தில் என் மூக்குக்காக நான் அப்படி அழுததில்லை.

வெகு நேரம் கழித்து மூடியை அழுத்தி மூடினார். பாக்ஸை என்னிடம் தரவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கி இருக்குமாண்ணா?"

"நாளைக்குப் புளிச்சுப் போயிடும்மா" என்றேன்.

அவர் தலையாட்டினார். மறுபடியும் மூடியைத் திறந்தார்.